விண்டோஸ் + எல்: நாற்காலியை விட்டு எழும் முன்

பல வருடங்களுக்கு முன் நான் வேலை பார்த்த ஓர் அலுவலகத்தில், ஒப்பந்த ஊழியர்களில் யார் யாருக்கு அடுத்த வருடம் நீட்டிப்பு கிடையாது என்ற பட்டியலைத் தயார் செய்யும் பொறுப்பு என்னிடம் வந்தது. எக்செல்லில் ஒரே ஒரு தாள். 11 பெயர்கள். ஒவ்வொரு பெயருக்கும் எதிரே காரணம், அதற்கடுத்து கடைசி வேலைநாள். முடிவெடுத்தது மேலே உள்ளவர்கள், தட்டச்சு செய்தது நான். பாதி வேலையில் போன் அடித்தது. உள்ளே சிக்னல் விட்டு விட்டு வந்ததால் போனை எடுத்துக்கொண்டு வராந்தாவுக்குப் போனேன்.

திரும்பி வந்தபோது என் மேஜைக்குப் பக்கத்தில் ஒருவர் நின்றிருந்தார். விடுப்பு விண்ணப்பத்தில் கையெழுத்து வாங்க வந்தவர். தாளில் 7-வது வரிசையில் அவருடைய பெயர் இருந்தது. திரை அப்படியே திறந்து கிடந்தது.

அவர் எதுவும் கேட்கவில்லை. விண்ணப்பத்தை மேஜை ஓரத்தில் வைத்து, காற்றில் பறக்காமல் இருக்க என் ஸ்டேப்ளரை அதன்மேல் வைத்தார். "அப்புறம் வர்றேன் சார்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். நான் உட்கார்ந்து போனில் அழைப்பு விவரத்தைப் பார்த்தேன். 6 நிமிஷம் பேசியிருக்கிறேன். அந்த அலுவலகத்தில் கம்ப்யூட்டர் தானாகப் பூட்டிக்கொள்ள 15 நிமிஷம் என்று வைத்திருந்தார்கள்.

அந்தச் செய்தியை அவரிடம் யாராவது ஒருவர் ஓர் அறையில் உட்காரவைத்து, கதவைச் சாத்திவிட்டு, நிதானமாகச் சொல்லியிருக்க வேண்டும். எக்செல்லின் ஒரு கட்டத்தில் அவரே படித்துத் தெரிந்துகொள்ளும்படி ஆகிவிட்டது. மறுநாள் போய் மன்னிப்புக் கேட்டேன். "பரவாயில்ல சார், எப்படியும் தெரியப்போறதுதானே" என்றார். அதற்கு என்ன பதில் சொல்வதென்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை.

திரையைப் பூட்டுவது பற்றிப் பேச்சு வந்தால் பலரும் சொல்வது, "என் கம்ப்யூட்டர்ல மறைக்க என்ன இருக்கு?" நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். என்னுடையது என்று மறைக்க அந்தத் திரையில் எதுவுமே இல்லை. இருந்தது எல்லாம் மற்றவர்களுடையது. யோசித்துப் பார்த்தால் நம் கம்ப்யூட்டரில் இருப்பதில் பெரும்பகுதி அப்படித்தான். நமக்கு யாரோ எழுதிய கடிதம், யாருடைய சம்பளமோ, யாருடைய மருத்துவ அறிக்கையோ, நம்பிக்கையோடு ஒருவர் அனுப்பிய வரைவோ. நம்மிடம் கொடுத்துவைத்த பொருளுக்குக் காவலை நாம்தான் போட வேண்டும்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். விண்டோஸில் திரையைப் பூட்டுவது இரண்டே விசைதான். விண்டோஸ் கீயைப் பிடித்துக்கொண்டு எல் எழுத்தைத் தட்ட வேண்டும். கேள்வி கேட்காது, பெட்டி எதுவும் திறக்காது, நேராகப் பூட்டிக்கொள்ளும். முறையாகத் தட்டச்சுப் பழகியவர்களுக்கு வலது கை மோதிர விரல் எப்போதும் எல் எழுத்தின் மேல்தான் ஓய்வெடுக்கும். ஆகவே அந்த விரல் நகரவே வேண்டாம். இடது கைக் கட்டைவிரலை ஸ்பேஸ் பாரிலிருந்து கொஞ்சம் இடது பக்கமாக மடக்கினால் விண்டோஸ் கீ தட்டுப்படும். சிலருக்குச் சுண்டு விரல் வசதியாக இருக்கும். எந்த விரல் என்பது பெரிதில்லை, தினமும் ஒரே விரலாக இருக்க வேண்டும். விரல்களுக்குத்தான் இதைச் சொல்லிக்கொடுக்கிறோம், அவை ஆள் மாறினால் குழம்பும்.

மேக்கில் கண்ட்ரோல், கமாண்ட், க்யூ மூன்றும் சேர்ந்தது. 2017-ல் ஹை சியரா பதிப்போடுதான் இது வந்தது. அதற்கு முன்பு திரையை அணைக்கும் ஷார்ட்கட்டையோ, சுட்டியைத் திரையின் மூலைக்குத் தள்ளும் ஹாட் கார்னர் வசதியையோ வைத்துச் சமாளித்துக்கொண்டிருந்தார்கள். மேக்கில் ஒரு ஜாக்கிரதை தேவை. கண்ட்ரோலை விட்டுவிட்டு கமாண்ட், க்யூ மட்டும் அழுத்தினால் திறந்திருக்கும் மென்பொருள் மூடிவிடும். கண்ட்ரோலுக்குப் பதில் ஷிஃப்ட் விழுந்தால் லாக் அவுட் செய்யட்டுமா என்று கேட்கும். அதனால் முதலில் கண்ட்ரோல், அதற்கடுத்து கமாண்ட், கடைசியில் க்யூ என்று வரிசையாக அழுத்தப் பழகுவது நல்லது. லினக்ஸில் நோம், கேடிஇ பிளாஸ்மா என்ற இரண்டு மேசைத்திரை அமைப்புகளிலும் சூப்பர் கீயும் எல்லும். சூப்பர் என்பது விண்டோஸ் சின்னம் உள்ள அதே விசைதான். எக்ஸ்எஃப்சிஇ, சின்னமன் போன்றவற்றில் கண்ட்ரோல், ஆல்ட், எல். குரோம்புக்கில் தேடல் விசையும் எல்லும்.

இந்த எல் விசை விண்டோஸுக்கு வந்து சேர்ந்ததற்குப் பின்னால் ஒரு கதை உண்டு. 1981-ல் வந்த ஐபிஎம் பிசியில் டேவிட் பிராட்லி என்ற பொறியாளர் கண்ட்ரோல், ஆல்ட், டெலிட் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் கணினி மறுபடி தொடங்கும்படி வைத்தார். கை தவறிப் பட்டு வேலை அழிந்துவிடக் கூடாது என்பதற்காகவே விசைகளை அப்படித் தள்ளித் தள்ளித் தேர்ந்தெடுத்தார். 1993-ல் விண்டோஸ் என்டி வந்தபோது அதே மூன்று விசைகளுக்கு வேறு பொறுப்பு கிடைத்தது. அந்தச் சேர்க்கையைச் சாதாரண மென்பொருள் எதுவும் இடையில் புகுந்து பிடிக்க முடியாது. போலியான உள்நுழைவுத் திரையைக் காட்டி ஒருவருடைய கடவுச்சொல்லைத் திருட நினைப்பவர், அந்த மூன்று விசைகளிடம் தோற்றுவிடுவார். அந்தக் காலத்தில் திரையைப் பூட்டவும் அதே வழிதான். மூன்று விசைகளை அழுத்தி, வரும் பெட்டியில் லாக் பொத்தானைத் தேர்ந்தெடுக்க வேண்டும். உள்நுழைவதற்கு ஒரு தனி விசையே இருந்திருக்கலாம் என்றும், மூன்று விசை வைத்தது தவறு என்றும் 2013-ல் ஹார்வர்டில் நடந்த ஓர் உரையாடலில் பில் கேட்ஸே சொன்னார். விண்டோஸ் கீ 1994-ல் மைக்ரோசாஃப்டின் நேச்சுரல் கீபோர்டோடு வந்தது. 2001-ல் விண்டோஸ் எக்ஸ்பி வந்தபோதுதான் அது எல் எழுத்தோடு சேர்ந்து பூட்டாகியது. ஒரு பெட்டி, ஒரு கிளிக் குறைந்தது சின்ன விஷயமாகத் தெரியலாம். எழுந்து போகிற அவசரத்தில் இருக்கும் மனிதனுக்கு அந்த ஒரு பெட்டிதான் பூட்டாமல் போவதற்குப் போதுமான காரணம்.

விண்டோஸில் எல் தட்டியதும் உள்ளே என்ன நடக்கிறது என்று தெரிந்துகொண்ட பிறகு எனக்கு அதன்மேல் மரியாதை வந்தது. நாம் வேலை செய்கிற மேசைத்திரையின் மேல் ஒரு படத்தைப் போர்த்திவிடுகிறது என்றுதான் நான் நினைத்திருந்தேன். அப்படி இல்லை. விண்டோஸ் உள்ளுக்குள் ஒன்றுக்கு மேற்பட்ட மேசைத்திரைகளை வைத்திருக்கிறது. நம் மென்பொருள்கள் எல்லாம் ஒன்றில் ஓடுகின்றன. கடவுச்சொல் கேட்கும் திரை தனியாக இன்னொன்றில் இருக்கிறது. பூட்டும்போது கீபோர்டும் திரையும் அந்த இன்னொன்றுக்கு மாறிவிடுகின்றன. அங்கே அடிக்கும் எழுத்து இங்கே ஓடும் எந்த மென்பொருளுக்கும் கேட்காது.

லினக்ஸில் திரையையும் கீபோர்டையும் கையாளும் பழைய எக்ஸ்11 முறையில் இந்தப் பிரிவினை கிடையாது. அங்கே பூட்டு என்பது திரை முழுவதையும் மறைத்துக்கொண்டு கீபோர்டைப் பிடித்து வைத்திருக்கும் ஒரு சாதாரண மென்பொருள். அது நின்றுபோனால் பின்னால் இருப்பது வெளியே வந்துவிடும். 2021 ஜனவரியில் லினக்ஸின் ஒரு வகையான லினக்ஸ் மின்ட்டில் அப்படித்தான் ஆனது. ஒருவருடைய குழந்தைகள் பூட்டிய திரையில் நிஜ கீபோர்டையும் திரையில் தெரியும் கீபோர்டையும் சேர்த்துக் கண்டபடி தட்ட, பூட்டு மென்பொருள் விழுந்து திரை திறந்துகொண்டது. அப்பா அதை முறைப்படி பிழையாகப் பதிவு செய்தார், திருத்தமும் வந்தது. எக்ஸ்11-ல் இன்னொன்றையும் நானே பார்த்திருக்கிறேன். ரைட் கிளிக் மெனு ஒன்று திறந்திருக்கும்போது பூட்டுவதற்கான விசைகளை அழுத்தினால் ஒன்றும் நடக்காது. மெனு கீபோர்டைப் பிடித்து வைத்திருப்பதுதான் காரணம். புதிய வேலாண்ட் முறையில் இதற்கென்றே ஒரு நெறிமுறை இருக்கிறது. அதன்படி பூட்டு மென்பொருள் நின்றுபோனாலும் திரை பூட்டியபடியே இருக்கும்.

அதனால் எந்த கம்ப்யூட்டராக இருந்தாலும் திரை மாறியதைக் கண்ணால் பார்த்துவிட்டுத்தான் நகர வேண்டும். விளையாட்டுக்கென்று வரும் கீபோர்டுகள் பலவற்றில் விண்டோஸ் கீயையே முடக்கிவைக்கும் வசதி உண்டு. விளையாட்டின் நடுவில் கை பட்டுத் திரை மாறிவிடக் கூடாது என்பதற்காக வைத்தது. அது போட்டபடி இருந்தால் நீங்கள் எத்தனை முறை எல் தட்டினாலும் பூட்டாது. தொலைவில் உள்ள இன்னொரு கணினியில் ரிமோட் டெஸ்க்டாப் வழியாக வேலை செய்பவர்களுக்கு வேறு சிக்கல். விண்டோஸ் கீயும் எல்லும் எப்போதும் உங்கள் முன்னால் இருக்கும் கணினியைத்தான் பூட்டும். அந்தப் பக்கத்துக் கணினியைப் பூட்ட கண்ட்ரோல், ஆல்ட், எண்ட் அழுத்தி, வருவதில் லாக் தேர்ந்தெடுக்க வேண்டும்.

பூட்டு என்று நினைத்துக்கொண்டு செய்யும் வேறு சில காரியங்கள் இருக்கின்றன. மானிட்டரின் பொத்தானை அணைப்பது அதில் முதன்மையானது. திரை கறுப்பாகிவிடும், மனசு நிம்மதியாகிவிடும். ஆனால் பொத்தானை அழுத்தும் யாருக்கும் எல்லாம் அப்படியே திறந்து கிடக்கும். திரையில் திறந்திருக்கும் எல்லா ஜன்னல்களையும் கீழே இறக்கிவிட்டுப் போவதும் அதே ரகம். மடிக்கணினியின் மூடியைச் சாத்துவது பரவாயில்லை, திறக்கும்போது கடவுச்சொல் கேட்கும்படி அமைத்திருந்தால் மட்டும். மாறாக, பூட்டினால் ஓடிக்கொண்டிருக்கும் வேலை நின்றுவிடுமோ என்று பயப்படுபவர்களும் உண்டு. நிற்காது. கோப்பு இறங்கிக்கொண்டே இருக்கும், அச்சு ஓடும், பாட்டு கேட்கும். வீடியோ கூட்டமும் ஓடும். இதைக் கவனிக்க வேண்டும்: நீங்கள் பூட்டிவிட்டு எழுந்தாலும் மைக் திறந்திருந்தால் அறையில் பேசுவது அந்தப் பக்கம் கேட்டுக்கொண்டுதான் இருக்கும். முதலில் மைக்கை அணையுங்கள், அப்புறம் பூட்டுங்கள்.

தானாகப் பூட்டிக்கொள்ளும் நேரத்தைக் குறைத்தால் போதாதா என்று கேட்பார்கள். அதுவும் வேண்டும், அது மறதிக்கு இருக்கும் கடைசி வலை. கட்டண அட்டை விவரங்களைக் கையாளும் நிறுவனங்களுக்கான பிசிஐ டிஎஸ்எஸ் என்ற பாதுகாப்பு விதிமுறை, 15 நிமிஷத்துக்கு மேல் சும்மா இருந்தால் மறுபடி அடையாளம் கேட்க வேண்டும் என்கிறது. 2017-ல் விண்டோஸ் 10-ல் வந்த டைனமிக் லாக் உங்கள் போனின் புளூடூத் தொடர்பு அறுந்ததும் பூட்டும், அதற்கும் ஒரு நிமிஷம் போல ஆகும். ஆனால் ஒருவர் திரையைப் பார்க்க எவ்வளவு நேரம் வேண்டும்? ஒரு பட்டியலில் தன் பெயரைக் கண்டுபிடிக்க மனிதக் கண்ணுக்கு ஒரு நொடி போதும். நம் பெயர் எவ்வளவு கூட்டத்திலும் நம் கண்ணில் முதலில் விழும். நேரத்தை 2 நிமிஷமாகக் குறைத்தாலும் அந்த 2 நிமிஷமும் திறந்துதான் இருக்கும். போதாததற்கு, உட்கார்ந்து ஏதாவது படித்துக்கொண்டிருக்கும்போது அது பூட்டிக்கொண்டு எரிச்சலூட்டும். எரிச்சலில் நேரத்தை மறுபடி கூட்டிவிடுவோம். எழுந்தது யாருக்குத் தெரியும்? எழுந்தவருக்குத்தான் தெரியும். கணினி ஊகிக்கத்தான் முடியும்.

திறந்த திரைக்கும் பூட்டிய திரைக்கும் உள்ள தூரத்தைச் சொல்ல 2013 அக்டோபர் 1-ஆம் தேதி சான் பிரான்சிஸ்கோவின் கிளென் பார்க் நூலகத்தில் நடந்ததை விடத் தெளிவான சம்பவம் எனக்குத் தெரியாது. சில்க் ரோடு என்ற கள்ளச்சந்தைத் தளத்தை நடத்திய ராஸ் உல்பிரிக்ட் அங்கே மடிக்கணினியைத் திறந்து வைத்து உட்கார்ந்திருந்தார். அதன் வட்டு முழுக்க மறையாக்கம் செய்யப்பட்டிருந்தது, அதாவது கடவுச்சொல் இல்லாமல் யாரும் படிக்க முடியாதபடி மாற்றப்பட்டிருந்தது. மூடியைச் சாத்திவிட்டால் உள்ளே இருப்பதை எடுப்பது ஏறக்குறைய முடியாத காரியம் என்று அமெரிக்கப் புலனாய்வு அமைப்பான எஃப்பிஐக்குத் தெரியும். அவருக்குப் பின்னால் ஓர் ஆணும் பெண்ணும் சண்டை போட ஆரம்பித்தார்கள். இருவருமே அதிகாரிகள். அவர் திரும்பிப் பார்த்த நேரத்தில் இன்னொருவர் மடிக்கணினியை எடுத்துக்கொண்டார். உல்பிரிக்ட் செய்தது குற்றம், பிடிபட்டதில் எனக்கு வருத்தமில்லை. ஆனால் அந்த அதிகாரிகள் எதைக் குறிவைத்துத் திட்டம் போட்டார்கள் என்று பாருங்கள். மறையாக்கத்தை உடைக்க அவர்கள் முயலவே இல்லை. திறந்திருக்கும் நிலையிலேயே கணினி கைக்கு வர வேண்டும் என்பது ஒன்றுதான் திட்டம். நல்ல வேலைக்கு அதிகாரிகள் செய்ததைக் கெட்ட வேலைக்கு வேறு யாரும் செய்யலாம். எவ்வளவு வலுவான கடவுச்சொல் வைத்திருந்தாலும், ஆள் உள்ளே நுழைந்து திறந்து வைத்துவிட்ட பிறகு அதற்கு வேலை இல்லை.

எனக்கு இந்தப் பழக்கம் படிய ஏறக்குறைய ஒரு மாதம் ஆனது. முதலில் மானிட்டரில் சின்னக் காகிதம் ஒட்டிவைத்தேன். நான்கைந்து நாளில் கண் அதைப் பார்ப்பதை நிறுத்திவிட்டது. அப்புறம் வேறு வழி யோசித்தேன். எழும்போது நான் என்ன செய்கிறேன் என்று கவனித்தேன். கீபோர்டிலிருந்து கையை எடுத்து, நாற்காலியின் இரு கைப்பிடிகளையும் பற்றி, பின்னால் தள்ளி எழுகிறேன். கை கீபோர்டை விட்டு நாற்காலிக்குப் போகும் அந்த இடத்தில் இதைச் செருகினேன். எல்லில் இருக்கும் விரல் ஒரு தட்டு, அதற்குப் பிறகுதான் கைப்பிடி. மறந்து எழுந்துவிட்டால் மறுபடி உட்கார்ந்து, பூட்டி, மறுபடி எழுவேன். யாரும் இல்லாத அறையிலும், வீட்டில் தனியாக இருக்கும்போதும், பத்தடி தூரத்தில் இருக்கும் பிரிண்டருக்குப் போகும்போதும். விதிவிலக்கு ஒன்று வைத்தால்கூட ஒவ்வொரு முறையும் யோசிக்க வேண்டி வரும். யோசித்தால் மறக்கும்.

விதிவிலக்கு கூடாது என்பதற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. என்னைப் பொறுத்தவரை அதுதான் பெரிய காரணம். பக்கத்தில் நண்பர் உட்கார்ந்திருக்கிறார். பேசிக்கொண்டே எழுகிறீர்கள். அவர் கண்ணெதிரே பூட்டினால் "என்னை நம்பலையா?" என்று அவருக்குத் தோன்றாதா? தோன்றும், நீங்கள் சில நேரம் பூட்டி சில நேரம் பூட்டாமல் போகிறவராக இருந்தால். அப்போது ஒவ்வொரு பூட்டும் ஓர் ஆளைப் பற்றிய தீர்ப்பு போல ஆகிவிடும். எப்போதும் பூட்டுகிறவர் பூட்டினால் அதில் யாருக்கும் எந்தச் செய்தியும் இல்லை. எங்கள் வீட்டில் நான் எழும்போது திரை மாறுவதை இப்போது யாரும் கவனிப்பதே இல்லை. கதவைச் சாத்திவிட்டுக் குளிக்கப் போவதை யாராவது தப்பாக நினைப்பார்களா?

திரும்பி வந்து ஒவ்வொரு முறையும் நீளமான கடவுச்சொல்லை அடிப்பது அலுப்பு என்பது நியாயமான குறை. கைரேகையோ பின் எண்ணோ வைத்துக்கொள்ளலாம். விண்டோஸில் இதற்கென்று இருக்கும் விண்டோஸ் ஹலோ வசதியில் வைக்கும் பின் எண் அந்த ஒரு கணினிக்கு மட்டுமே செல்லும், அதைத் தெரிந்துகொண்டவர் வேறு இடத்திலிருந்து உங்கள் கணக்குக்குள் வர முடியாது. தமிழில் தட்டச்சு செய்கிறவர்களுக்கு மட்டும் ஒரு குறிப்பு. தமிழ்99 என்ற விசைப்பலகை முறையில் எழுதிக்கொண்டிருக்கும்போது பூட்டிவிட்டு வந்தால், பூட்டிய திரையிலும் தமிழ் விசைப்பலகையே இருக்கலாம். கடவுச்சொல் சரியாகத்தான் அடிக்கிறோம், தவறு தவறு என்கிறது. மூன்று முறை தவறிய பிறகு பெட்டியின் ஓரத்தில் இருக்கும் கண் சின்னத்தை அழுத்திப் பார்த்தேன், உள்ளே தமிழ் எழுத்துகள் வரிசையாக நின்றன. விண்டோஸ் கீயோடு ஸ்பேஸ் தட்டினால் ஆங்கிலத்துக்கு மாறிவிடும். பக்கத்தில் ஆள் இருந்தால் கண் சின்னத்தை அழுத்தாமல் நேராக மாற்றிவிடுங்கள்.

மற்றவர்களுடைய திறந்த திரையைப் பார்த்தால் என்ன செய்வது? அவர் பெயரில் வேடிக்கையாக ஒரு கடிதம் அனுப்பிவைப்பது, சுவர்ப்படத்தை மாற்றிவைப்பது என்று பாடம் புகட்டும் வழக்கம் பல இடங்களில் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. அந்தத் திரையில் இருப்பதும் யார் யாருடையதோ. நான் அதைப் படிக்காமல், கையை மட்டும் நீட்டி இரண்டு விசைகளைத் தட்டிவிட்டு நகர்ந்துவிடுவேன். அவரிடம் சொல்வதும் இல்லை.

போன வாரம் ஒரு கூட்டம் முடிந்து என் இடத்துக்கு வந்தேன். அவசரமாக என்னைக் கூப்பிட்டதால் பாதி வாக்கியத்தில் எழுந்து ஓடியது நினைவிருந்தது. பூட்டியது நினைவில் இல்லை. வழியெல்லாம் அதையே யோசித்துக்கொண்டு வந்தேன். திரை பூட்டியிருந்தது. திறந்தேன், பாதி வாக்கியம் அப்படியே இருந்தது. என் கையே அதைச் செய்ததா, அந்த வழியாகப் போன யாராவது கையை நீட்டித் தட்டிவிட்டுப் போனார்களா என்று தெரியவில்லை. நான் யாரிடமும் கேட்கவில்லை.